இடப்பக்க இருக்கை

எங்கள் வண்டியின் கையேடு முந்நூற்று நாற்பது பக்கங்கள் கொண்டது. அதை முதற்பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம்வரை வாசித்தவன் எங்கள் வீட்டில் நான் ஒருவன்தான். அந்த வண்டியை ஒருநாளும் ஓட்டாதவனும் நான் ஒருவன்தான்.

நாங்கள் வாங்கியபோது அதற்கு ஏழு வயது. பின்புறம் நீண்ட, சாம்பல் நிற டீசல் வண்டி. ஓய்வுபெற்ற ஜெர்மன் ஆசிரியர் ஒருவர் வைத்திருந்தது. பின்பக்க விரிப்பில் அவருடைய நாயின் வெள்ளை மயிர் கடைசிவரை எஞ்சியிருந்தது. டீசல்தான் வேண்டும் என்று தீர்மானித்தவள் என் மனைவி. ஒரு சனிக்கிழமை பாரிசுக்குப் போய்த் தாலி கட்டுவதைப் பார்த்து, பந்தியில் இருந்து சாப்பிட்டு, ஞாயிறு கெல்சென்கிர்ச்சனுக்குத் திரும்பி, திங்கள் காலை வேலைக்குப் போகிற சனம் நாங்கள். சூரிச்சில் ஒரு சாமத்தியச் சடங்கு, லண்டனில் ஒரு முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி என்று தூரங்கள் எங்களுக்காக எப்போதும் காத்திருந்தன.

வாங்கிய கிழமையே வண்டியை, நெடுஞ்சாலையில் அரைமணி ஓட்டத்திலுள்ள ஊன்ட்றொப் அம்மன் கோயிலுக்குக் கொண்டுபோனோம். நான்கு சில்லுகளின் கீழும் தேசிக்காய் வைத்தார்கள். ஐயர் கற்பூரத்தைக் காட்டிவிட்டு என்னைப் பார்த்தார். இங்குள்ள எங்களவர்கள் என்னை இன்னும் மாஸ்ரர் என்றே அழைப்பார்கள். ஊரில் பௌதிகம் கற்பித்தவன் என்பதால் ஒட்டிக்கொண்ட பெயர்.

"மாஸ்ரர், ஏறுங்கோ. முதல் ஓட்டம் வீட்டுத் தலைவர் ஓடினா நல்லம்."

"அவர் ஓடினா தேசிக்காயோடை நீங்களும் நசிஞ்சு போவியள், ஐயா" என்றாள் என் மனைவி. சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். சிரிப்பு அடங்கியபின் அவள் குரலைத் தாழ்த்தினாள். "அவருக்கு இடப்பக்கப் பார்வை இல்லை. டொக்டர் ஓடக்கூடாது எண்டவர்."

ஐயர் என் நெற்றியில் வழமையைவிடச் சற்று அதிகமாகவே விபூதி பூசினார்.

என் இடப்பக்கப் பார்வைக்கு ஒரு குறையும் இல்லை. அன்றும் இல்லை, இன்றும் இல்லை.

அந்தக் கதை வண்டிக்கு வெகுகாலம் முந்தியது. இந்த நாட்டுக்கு வந்த முதற் பத்தாண்டுக்குள் நான் சாரதிப் பரீட்சைக்குத் தோற்றினேன். எழுத்துப் பரீட்சையில் ஒரு பிழையும் விடவில்லை. ஓட்டப் பரீட்சையின்போது ஒரு சிறிய நாற்சந்திக்கு வந்தோம். வலப்பக்கத்திலிருந்து வருபவருக்கு வழி விட வேண்டும் என்பது இங்குள்ள விதி. நான்கு தெருக்களிலும் நான்கு வண்டிகள் ஒரே கணத்தில் வந்து நின்றன. விதிப்படி நால்வருமே காத்திருக்க வேண்டும். இந்தக் கணக்குக்கு விடை என்ன என்று நான் யோசித்தேன். மற்ற மூவரும் ஒருவருக்கொருவர் கையசைத்துப் போய்விட்டார்கள். நான் வெறும் சந்தியில் நின்றேன். பின்னிருக்கையிலிருந்த பரிசோதகர், "யாரையாவது எதிர்பார்த்திருக்கிறீர்களா?" என்று மரியாதையுடன் கேட்டார். பக்கத்திலிருந்த பயிற்றுநருக்கு என் பழைய மாணவர்களின் வயது இருக்கும். அவர் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவருடைய தோள் குலுங்கியதை நான் கண்டேன்.

இரண்டாம் முறையும் தோற்றேன். மூன்றாம் முறைக்கு நான் போகவில்லை. அடுத்த வசந்தத்தில் என் மனைவி முதல் முயற்சியிலேயே சித்தியெய்தினாள். வயோதிபர்களை வீடு வீடாகச் சென்று பராமரிக்கும் வேலை அவளுக்கு. சாரதிப் பத்திரம் இல்லாமல் அந்த வேலை இல்லை.

அதன் பிறகு ஒரு பிறந்தநாள் விழாவில், ஒரு நண்பர் மண்டபம் கேட்கும்படி கேட்டார்: "என்ன மாஸ்ரர், மனிசி லைசன்ஸ் எடுத்திட்டாவாம். நீங்கள் என்ன, பின் சீற்றிலை பிள்ளையோடையோ?"

நான் வாய் திறப்பதற்குள் என் மனைவி சொன்னாள். "அவருக்குக் கண்ணிலை பிறசர், அண்ணை. நேரை எல்லாம் தெரியும், வாசிப்பார். இடப்பக்கம்தான் தெரியாது. அதாலை ஓட விடமாட்டினம்." அவள் பராமரித்த முதியவர் ஒருவரின் நோய் அது. கண்டுபிடிக்க முடியாத பொய்யாகப் பார்த்து எடுத்திருந்தாள்.

மறுப்பதற்கு எனக்கு அவகாசம் இருந்தது. அவள் என் தட்டில் ஒரு வடையை எடுத்துவைக்கும் நேரம். நான் மறுக்கவில்லை.

வீட்டுக்கு வரும் வழியில், "ஏன் அப்பிடிச் சொன்னீர்?" என்று கேட்டேன்.

"பின்னை? நீங்கள் பெயில் எண்டு சொல்லி, அவங்கள் வாயிலை போட்டு மெல்லுறதை நான் பாத்துக்கொண்டு இருக்கிறதே?"

எங்கள் மகளுக்கு அப்போது நான்கு வயது. அவள் அந்த மண்டபத்தில் எங்கள் பக்கத்தில் இருந்தாள் என்பதை மறுநாள்தான் உணர்ந்தேன். பாலர் பாடசாலைக்குப் போகையில் அவள் வழமையாகப் பிடிக்கும் வலக் கையை விட்டுவிட்டு, என்னைச் சுற்றி வந்து இடக் கையைப் பிடித்தாள். தெருவோரத்தில் நின்று, "இடப்பக்கம் நான் பாக்கிறன். வலப்பக்கம் நீங்கள் பாருங்கோ, அப்பா" என்றாள். அன்றே சொல்லியிருக்கலாம். அவள் அவ்வளவு கவனமாக, கழுத்தை முழுவதும் திருப்பிப் பார்த்தாள். நாளைக்குச் சொல்லலாம் என்று நினைத்தேன்.

அதிலிருந்து முப்பது ஆண்டுகளாக என் மகள் என் இடப்பக்கத்திலேயே நடந்தாள். படிப்பு முடித்து, டிரெஸ்டனில் ஆய்வுகூட வேலைக்குப் போய், கலியாணம் செய்து, தானே ஒரு பிள்ளைக்குத் தாயான பிறகும், தெருவைக் கடக்கையில் அவளுடைய விரல்கள் என் இட முழங்கையைத் தேடி வரும். என் பிழைப்போ நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பது. சொல்லப்பட்டதில் ஒரு சொல்லும் கூட்டமாட்டேன், குறைக்கமாட்டேன் என்று சத்தியம் செய்து பெற்ற தொழில்.

வண்டியில் நான் வலப்பக்க இருக்கையில் இருந்தேன். இந்நாட்டு வண்டிகளில் சாரதிக்கு இடப்பக்கம். ஆகவே என் மனைவி, அவளே கட்டிய கதையின்படி, நான் பார்க்க முடியாத பக்கத்தில் அமர்ந்து ஓட்டினாள். வீதிப் படத்தை மடித்துப் பிடிப்பதும், கையேட்டை வாசித்துக் காட்டுவதும் என் பொறுப்பு.

காலம் போகப் போகக் கலியாணங்கள் குறைந்தன. பிள்ளைகளெல்லாம் கட்டி முடித்துவிட்டார்கள். பெரியவர்கள் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். தூரத்துக்காக வாங்கிய வண்டி தமிழ்க் கடைக்கும், மருந்துக் கடைக்கும், இரண்டு தெரு தள்ளியிருந்த சிநேகிதி வீட்டுக்கும் போய்வந்தது. டீசல் எரிகையில் வரும் கரி புகைக்குழாயிலுள்ள ஒரு வடிகட்டியில் தங்கும். நீண்ட ஓட்டத்தில் அது சூடேறித் தானாகவே எரிந்து சுத்தமாகிவிடும். குறுந்தூரம் மட்டும் ஓடினால் சூடு காணாது. கரி சேர்ந்துகொண்டே போகும். கையேட்டின் இருநூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில் இது இருக்கிறது. எங்கள் வண்டியைப் பார்த்துவந்த தமிழ் மெக்கானிக் அதை வேறு விதமாகச் சொல்வார்.

"டீசல் தூரம் கேக்கும், மாஸ்ரர். கட்டிப்போட்ட நாய் மாதிரி. இடைக்கிடை அவிழ்த்து ஓடவிடோணும்."

பிறகு என் மனைவிக்கு நோய் வந்தது. வைத்தியசாலை எங்கள் வீட்டிலிருந்து ஆறு கிலோமீற்றர். வியாழக்கிழமைதோறும் மருந்து ஏற்றினார்கள். வாடகை வண்டிக்கு வைத்தியர் ஒரு பத்திரம் எழுதித் தருவார்; காப்புறுதி பொறுப்பெடுக்கும். அந்தப் பத்திரத்தை அவள் கேட்கவே இல்லை.

"டாக்ஸியிலை போனா நான் வருத்தக்காரி எண்டு ஒத்துக்கொண்ட மாதிரி. ஆறு கிலோமீற்றர்தானே, நான் ஓடுவன்."

மருந்தேற்றும் அறையில் தாதி ஒவ்வொரு முறையும் கேட்பார்: "இன்று வீட்டுக்கு வண்டி ஓட்டுபவர் யார்?" என் மனைவி என்னைக் காட்டுவாள். நான் தலையசைப்பேன். மருந்து ஏறிய உடலோடு ஓட்டக்கூடாது என்று அவர்கள் சொல்வார்கள் என்பது அவளுக்குத் தெரியும், எனக்கும் தெரியும். அந்த அறையின் ஜன்னலுக்குத் தெரியாத மூலையில்தான் அவள் எப்போதும் வண்டியை நிறுத்தி வைப்பாள். ஒரே வியாழக்கிழமையில், வைத்தியசாலைக்கு நான் ஓட்டத் தெரிந்தவன். எங்கள் சனத்துக்கு நான் ஓட்ட முடியாதவன்.

ஐந்தாவது வியாழனுக்குப் பிறகு அவளுடைய விரல் நுனிகள் மரத்துப்போயின. கியர்த் தண்டின் குமிழைப் பிடித்தால் பிடித்ததாகத் தெரியவில்லை என்றாள். திரும்பி வரும் வழியில், ஒரு சிவப்பு விளக்கில் நிற்கையில், என்னைப் பார்க்காமலே சொன்னாள்:

"இஞ்சருங்கோ, கையை அதிலை வையுங்கோ. நான் கிளச் மிதிக்கிறன், நீங்கள் மாத்துங்கோ."

"எனக்கு எப்பிடி..."

"படம் கீறியிருக்கு, அதிலையே. ஒண்டு மேலை, ரெண்டு கீழை. பௌதிகம் படிப்பிச்ச மனிசன்."

நான் கையை வைத்தேன். "ஒண்டு" என்றாள். வண்டி நகர்ந்தது. "ரெண்டு... பொறுங்கோ, பொறுங்கோ, நான் இன்னும் மிதிக்கேல்லை."

"கையேட்டிலை போட்டிருக்கு, இயந்திரம் ஆயிரத்தெண்ணூறு சுற்று..."

"கையேட்டை மூடுங்கோ. என்ரை குரலைக் கேளுங்கோ. மூண்டு."

அப்படியே ஆறு கிலோமீற்றரும் வந்தோம். வீட்டு வாசலில் அவள் ஸ்ரியரிங்கில் நெற்றியை வைத்துச் சிரித்தாள். "இந்த வயசிலை அரை லைசன்ஸ் எடுத்திட்டியள்" என்றாள். அடுத்த வியாழக்கிழமைகளிலும் நாங்கள் இருவருமாகத்தான் அந்த வண்டியை ஓட்டினோம். அவள் எண்ணைச் சொல்ல முன்பே, இயந்திரத்தின் ஒலியைக் கேட்டு, எந்தக் கியர் வரப்போகிறது என்று என் கை அறியத் தொடங்கியது. அது எனக்குச் சிறு மகிழ்ச்சியைக்கூடத் தந்தது என்பதை மறைக்க மாட்டேன். கற்றுக்கொள்ள முடியாத ஒன்றல்ல அது என்பதை நான் அந்த நாட்களில்தான் அறிந்தேன்.

வடிகட்டியின் மஞ்சள் விளக்கு எரியத் தொடங்கியதும் அப்போதுதான். ஆறு கிலோமீற்றர் போவதும் வருவதும் வண்டிக்குக் காணவில்லை. நான் இருநூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தை வாசித்துக் காட்டினேன். நெடுஞ்சாலையில் ஒரு நாற்பது நிமிடம் நிற்காமல் ஓடினால் சரியாகிவிடும் என்றார் மெக்கானிக். "ஞாயிறு ஊன்ட்றொப்புக்குப் போவம், கோயிலும் ஆச்சு" என்றாள் அவள். ஒரு ஞாயிறு காய்ச்சல். அடுத்த ஞாயிறு சாப்பிட்டதெல்லாம் சத்தி. மூன்றாம் ஞாயிறு புறப்பட்டோம். நெடுஞ்சாலைக்கு ஏறும் வளைவின் நீலப் பலகைக்கு முன்னால் அவள் வண்டியை ஓரமாக நிறுத்தினாள்.

"எந்தப் பெடலிலை கால் இருக்கெண்டு தெரியேல்லை" என்றாள்.

பிறகு, "முதலாவதைப் போடுங்கோ, திருப்புவம்" என்றாள். முதலாவது கியரிலும் இரண்டாவது கியரிலுமாக வீட்டுக்கு வந்தோம். அடுத்த வியாழன் வாடகை வண்டி வந்தது. அந்தப் பத்திரத்தை இம்முறை நான் கேட்டு வாங்கினேன். அதற்கு எனக்குப் பதினொரு வியாழக்கிழமைகள் சென்றிருந்தன.

மரங்களின் இலைகள் முழுவதும் உதிர்ந்த பிறகு அவள் போனாள்.

செத்தவீட்டில் ஒரு பெண்மணி மற்றொருவரிடம் சொன்னது என் காதில் விழுந்தது. "கண் ஏலாத மனிசனையும் வைச்சுக்கொண்டு, பாவம், தானே காரோடி ஆசுப்பத்திரிக்குப் போய்வந்தவ." மகளும் அதைக் கேட்டாள். அவள் வந்து என் இடப்பக்கத்தில் இருந்து, "அப்பா, உங்களிலை ஒரு பிழையும் இல்லை. உங்களுக்கு ஏலுமெண்டா நீங்கள் ஓடியிருப்பியள்" என்றாள். அந்த மன்னிப்பை நான் வாங்கி வைத்துக்கொண்டேன்.

குளிர்காலம் முழுவதும் வண்டி வாசலில் நின்றது. நான் சில நாட்களில் வலப்பக்க இருக்கையில் போய் இருந்துவிட்டு வருவேன். மகளுக்கு இரண்டாவது குழந்தை உண்டாகியிருந்தது. தங்கள் சிறிய கார் இனிக் காணாது, இந்த வண்டியை டிரெஸ்டனுக்குக் கொண்டுபோகிறேன் என்றாள். மருமகன் மூத்த பிள்ளையோடு அங்கே நின்றுகொள்ள, அவள் ரயிலில் வந்தாள். என்னையும் தன்னோடு ஒரு மாதம் வந்து நிற்கச் சொன்னாள்.

மெக்கானிக் வந்து பற்றரிக்கு உயிர் கொடுத்தார். தன் கருவியைப் பொருத்திப் பார்த்து, "பில்ற்றர் இன்னும் முழுசா அடைபடேல்லை. தங்கச்சி, நிற்காமல் ஓடு, கரி எரிஞ்சு போகும்" என்று மகளிடம் சொன்னார். பிறகு இயந்திர மூடியைச் சாத்திவிட்டு என்னிடம் மெதுவாகச் சொன்னார். "அக்கா கெட்டிக்காரி, மாஸ்ரர். உங்களுக்குக் கண் சரியா இருந்திருந்தா, அந்த நிலைமையிலை அவவை ஓட விட்டிருப்பியளே?"

மகளுக்கு அப்போது ஆறாம் மாதம். ஐந்நூறு கிலோமீற்றருக்கு மேல் ஓட வேண்டும். அவள் இருக்கையைப் பின்னுக்குத் தள்ளி, பட்டியை வயிற்றுக்குக் கீழே இறக்கிக் கட்டினாள். "கவலைப்படாதேங்கோ அப்பா. அம்மா அந்த வருத்தத்தோடையே ஓடினவ. எனக்கு வருத்தமே இல்லை" என்றாள். நான் வலப்பக்கத்தில் ஏறி அமர்ந்தேன். நோயாளி ஒருத்தியின் பக்கத்தில் இருந்ததுபோலவே, இப்போது பிள்ளைத்தாய்ச்சி ஒருத்தியின் பக்கத்தில்.

நீலப் பலகையைத் தாண்டி வளைவில் ஏறினோம். வண்டி முதலில் திணறியது. பிறகு மெல்ல வேகம் பிடித்தது. சிறிது நேரத்தில் சூடான உலோகத்தின் மணம் லேசாக உள்ளே வந்தது. கரி எரிகிறது என்று எனக்குத் தெரிந்தது. ஊன்ட்றொப்புக்கு இறங்கும் வழியைக் காட்டும் பலகை கடந்து சில நிமிடங்களில் மஞ்சள் விளக்கு அணைந்தது.

"லைற் போயிட்டுது அப்பா!" மகள் ஸ்ரியரிங்கைத் தட்டினாள். "இவ்வளவுதானோ? நாற்பது நிமிசம்கூட ஆகேல்லை. பாவம் அம்மா, இதை நினைச்சு எவ்வளவு கவலைப்பட்டவ. அவவுக்கும் ஏலாது, உங்களுக்கும் ஏலாது..."

"எனக்கு ஏலும்" என்றேன்.

அவள் விளங்காமல் சிரித்தாள். "என்ன ஏலும்?"

"என்ரை கண்ணுக்கு ஒண்டும் இல்லை, பிள்ளை. ஒருநாளும் இருக்கேல்லை. நான் லைசன்ஸ் சோதினையிலை ரெண்டு தரம் பெயில். வெக்கத்திலை மூண்டாந்தரம் போகேல்லை."

அவள் முன்னால் போன ஒரு லொறியை முந்தி முடித்தாள்.

"அம்மாவுக்குத் தெரியுமோ?"

"அம்மாதான் அந்தக் கதையைச் சொன்னவ. என்னைக் காப்பாத்த."

"எனக்கு ஏன் சொல்லேல்லை?"

"நீ என்ரை இடப்பக்கம் நடக்கத் தொடங்கீட்டாய். அதுக்குப் பிறகு சொல்ல ஏலாமல் போச்சுது."

"எனக்கு அப்ப நாலு வயசு, அப்பா."

"ஓம்."

மேலும் பல கிலோமீற்றர்கள் போயின. அவள் வலத் தடத்துக்கு மாறி, வேகத்தைக் குறைத்து, லொறிகளுக்குப் பின்னால் ஓடிக்கொண்டிருந்தாள்.

"எத்தினை வியாழக்கிழமை?"

"பதினொண்டு."

"டாக்ஸி எடுத்திருக்கலாமே?"

"அம்மா வேண்டாம் எண்டவ."

"நீங்கள் என்ன சொன்னனீங்கள்?"

"நான் ஒண்டும் சொல்லேல்லை."

அவள் அழவில்லை. அவளுடைய தாயும் வண்டி ஓட்டும்போது அழமாட்டாள், நிறுத்திவிட்டுத்தான் அழுவாள். இவளுக்கும் வாய் இறுகி, தாடை ஒரு பக்கம் சற்று இழுபட்டிருந்தது. அந்தத் தாடையை நான் முப்பது ஆண்டுகள் பக்கத்திலிருந்து பார்த்திருக்கிறேன். மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று தோன்றியது. கேட்டால் அவள் ஏதாவது பதில் சொல்லியாக வேண்டும். அந்தச் சுமையையும் அவள்மேல் வைக்க வேண்டாம் என்று சும்மா இருந்தேன். அதுவும் என் பழைய மௌனம்தானா என்பது எனக்கு விளங்கவில்லை.

ஹனோவருக்கு அப்பால் ஓர் ஓய்விடத்தில் வண்டியை நிறுத்தினாள். இயந்திரத்தை அணைத்த பிறகும் முன்பக்க விசிறி ஓடிக்கொண்டிருந்தது. அவள் இறங்கி, முதுகுக்குக் கை கொடுத்தபடி கழிப்பறைக் கட்டடத்தை நோக்கித் தனியாக நடந்தாள். அவள் என் பக்கம் வராமல் போனது முப்பது ஆண்டுகளில் அதுவே முதல் தடவை. வண்டியின் பக்கத்தில் நின்றேன். என் இட முழங்கையை என்ன செய்வதென்று தெரியவில்லை.

நெடுநேரம் கழித்து அவள் கட்டட வாசலில் தோன்றினாள். முகம் கழுவியிருந்தாள். இரண்டு கைகளிலும் தேநீர்க் குவளைகள் இருந்தன. எங்களுக்கு இடையில் லொறிகள் வந்து திரும்பும் அகலமான பாதை. பாரத்தோடு அவள் ஏன் வரவேண்டும் என்று நான் பாதையைக் கடந்து அவளிடம் போனேன். அவள் ஒரு குவளையை என்னிடம் தந்தாள். கட்டடச் சுவரோரம் நின்றே குடித்தோம். அவள் கண்கள் சிவந்திருந்தன. நான் அவற்றைப் பார்ப்பதை அவள் பார்த்தாள்.

திரும்பிக் கடப்பதற்காகப் பாதையோரம் வந்தோம். அவள் பழக்கத்தில் என் இடப்பக்கத்துக்கு வந்து நின்றாள். கை என் முழங்கையை நோக்கிச் சற்று எழுந்தது. பிறகு அதை இறக்கித் தன் வயிற்றின்மேல் வைத்துக்கொண்டாள்.

"ரெண்டு பக்கமும் நீங்கள் பாருங்கோ, அப்பா" என்றாள்.

நான் இடப்பக்கம் பார்த்தேன். தூரத்தில் ஒரு லொறி திரும்பிக்கொண்டிருந்தது. வலப்பக்கம் பார்த்தேன். மறுபடியும் இடப்பக்கம் பார்த்தேன். லொறி கடந்து போகும்வரை பொறுத்திருந்து, "இப்ப வா, பிள்ளை" என்றேன்.

அவள் வந்தாள்.